பேரேட்டில் விழாத பேர்

மாலை நான்கு மணி. உடப்புசல்லாவைச் சரிவொன்றின் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள். தராசுக் கொக்கியில் சாக்கு தொங்குகிறது. கணக்கப்பிள்ளை எண்ணை உரக்கப் படிக்கிறார். சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கழித்தது போக எஞ்சியது ஏட்டில் ஏறுகிறது. கழிவு கூடிப்போயிற்று என்றொரு முணுமுணுப்பு எழுந்து அடங்குகிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அந்த எண் கேட்கும். இரவு லயத்து வாசலில் அது பேசவும் படும். குறித்த எடை நிறைந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். நாட்கூலிக்கே ‘பேர்’ என்று பெயரிட்ட நாடு நம் மலைநாடு. ஒருத்தியின் உழைப்பு கணக்கில் ஏறியதா என்று அறிய, “பேர் விழுந்ததா?” என்று கேட்டாற் போதும்.

அரசின் கருவூலத்திலிருந்து வேளாண்மைக்குச் செல்லும் பணத்துக்கு இப்படியொரு மடுவம் இல்லை. உரமானியம், மீள்நடுகை மானியம், இழப்பீடு என்று பல வாய்க்கால்களில் அது பாய்கிறது. மொத்தத் தொகை நாடாளுமன்றத்தில் சொல்லப்படுகிறது, செய்தித்தாளிலும் வருகிறது. எந்தக் காணிக்கு, எவர் பெயரில், எந்நாளில் விழுந்தது என்பதை உரக்கப் படிப்பார் இல்லை. இதனை அறக்குறை என்று பேசியோர் பலர். அவர்கள் பேசியது சரியே. ஆயினும் இக்கட்டுரை இதனை ஓர் அளவியற் குறையாக நோக்குகிறது. பெற்றவர் பட்டியல் மறைந்து கிடக்கும்போது, மானியம் பயிருக்கு என்ன செய்தது என்பதை அறியும் வழியும் அடைந்துபோகிறது.

முதலில் மண்ணின் கணக்கைப் பார்ப்போம். தேயிலை, இலைக்காகவே வளர்க்கப்படும் செடி. இலையை ஆக்கும் சத்துக்களில் தலையாயது தழைச்சத்தாகிய நைதரசன். உலர்ந்த தேயிலையின் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு அதுவே. அப்படியானால் 1,000 கிலோ தேயிலைத்தூள் லொறியேறிக் கொழும்புக்குப் போகும் போது, 40 கிலோ நைதரசனும் மலையை விட்டு இறங்கிப்போகிறது. கவ்வாத்து வெட்டிய மிலாறு மண்ணில் மக்கி ஒரு பகுதியைத் திருப்பித் தரும்; நிழல் மரத்துச் சருகு இன்னொரு சிறு பகுதியைத் தரும். எஞ்சியதை மனிதன்தான் ஈடுசெய்ய வேண்டும்.

ஈடுசெய்யும் பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரிது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அமோனியம் சல்பேற்று மூடையில் பத்து கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் புளித்தன்மையுள்ள மண்ணை விரும்பும் தேயிலைக்கு அது ஒத்துப்போகும். நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் அதே 23 கிலோவைப் பெற வேண்டுமானால் ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டேகால் தொன் வரை வேண்டும். அதனைச் செங்குத்துச் சரிவில், லொறி ஏறாத மலைக்கு, யாரேனும் சுமந்து ஏற வேண்டும். மேசைக்கு முன் இருந்து உரக்கொள்கை வகுப்பவர் இந்தச் சுமையை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் நன்று.

இட்ட உரம் முழுவதும் செடிக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. மண்ணிலுள்ள யூரியேசு என்னும் நொதி யூரியாவை அமோனியாவாக மாற்றுகிறது. மண் காய்ந்திருந்தால் அந்த அமோனியா காற்றோடு கலந்துவிடும். உடப்புசல்லாவையில் யூலை முதல் செத்தெம்பர் வரை வீசுவது, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று. இந்த வறட்சியே இவ்வட்டாரத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. அதே வறட்சி உரத்தை விழுங்கவும் செய்யும். பின்னர் வடகீழ்ப் பருவமழை கொட்டத் தொடங்கினால், நைத்திரேற்றாகிக் கரைந்த சத்து ஓடையில் இறங்கி மகாவலிக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே, மண் ஈரமாகவும் மழை மிதமாகவும் இருக்கும் சில வாரங்களே உரமிடத் தக்கவை. அந்த வாரங்களுக்குப் பிந்தி வந்த மூடை கணக்கில் மானியம், மண்ணில் வீண்.

ஆகவே ஒரு மானியம் பயன்பட்டதா என்று ஆராய விழைவோர்க்கு நான்கு செய்திகள் வேண்டும்: எவருக்கு, எவ்வளவு, எந்நாளில், எம்மண்ணுக்கு. இந்நான்கும் அரசின் ஏடுகளில் ஏதோவொரு வடிவில் எழுதப்பட்டே இருக்கின்றன. கையொப்பம் இன்றிப் பணம் போவதில்லை அல்லவா? இருப்பதை வெளியே எடுத்து வைப்பதுதான் நடப்பதில்லை.

இலங்கையில் உரமானியம் 1962 இல் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை அதன் நடுவில் நிற்பது நெல். 2005 இல் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு நெற்செய்கையாளர்க்குக் கிடைத்தது. 2016 இல் மூடை போய்ப் பணம் வந்தது. 2018 இல் பணம் போய் மறுபடி மூடை வந்தது. 2020 இல் நெல்லுக்கு உரம் இலவசம் ஆயிற்று. 2021 மே மாதம் வெளிவந்த வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியையே நிறுத்தியது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் பணம் வங்கிக் கணக்குகளில் இடப்படலாயிற்று. 2024 பெரும்போகத்தில் ஹெக்டயருக்கு 15,000 ரூபாவாக இருந்தது 25,000 ஆக உயர்ந்தது. மூடையா பணமா என்ற இந்த ஊசலாட்டத்துக்கு நடுவே, எது கூடிய விளைச்சல் தந்தது என்று வயல்வாரியாக ஒப்பிட்டு ஊரார் படிக்கத்தக்க ஒரு கணக்கு மக்கள் கைக்கு வந்திருந்தால், அடுத்த மாற்றத்தை அரசியல் மேடை தீர்மானித்திருக்காது.

உடப்புசல்லாவைப் பக்கம் வந்து பார்த்தால் இந்த வரலாற்றின் நிலவியல் கண்ணுக்குத் தெரியும். வலப்பனைப் பள்ளத்தாக்கின் படிக்கட்டு வயல்களில் நெல், மேலே தேயிலை, இரண்டுக்கும் இடையில் மரக்கறி. உரமானியத்தின் பெரும்பங்கு கீழ்ப்படியில் நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து ஓர் ஒடுங்கிய இருப்புப்பாதை போட்டார்கள். உடப்புசல்லாவை இருப்புப்பாதை என்றே அதற்குப் பெயர். வண்டி ரகலையோடு நின்றுவிட்டது. உடப்புசல்லாவைக்கு வரவே இல்லை. 1940களில் அதுவும் மூடப்பட்டது. பெயர் வருவதும் பொருள் வராததும் இவ்வூருக்குப் பழகிப்போன செய்தி.

2021 இன் தடையைப் பலர் மாபெரும் சோதனை என்றார்கள். அச்சொல் அதற்குத் தகாது. சோதனைக்கு ஒப்பீட்டுப் பாத்தி வேண்டும், முன்னளவு வேண்டும், பதிவு வேண்டும். நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் 299 மில்லியன் கிலோ. 2022 இல் 251 மில்லியன். வீழ்ச்சி தெரிகிறது. உர இறக்குமதி மறித்ததால் எவ்வளவு, விலையேற்றத்தால் எவ்வளவு, எரிபொருள் இல்லாது கொழுந்து வண்டி நின்றதால் எவ்வளவு என்று பிரித்தறிய, எந்தத் தோட்டத்துக்கு எப்போது எவ்வளவு உரம் போயிற்று என்ற ஏடு திறந்திருக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் நெற்செய்கையாளர்க்கு 40,000 மில்லியன் ரூபா இழப்பீடு அறிவிக்கப்பட்ட போதும் இதே இடர்ப்பாடுதான். இழந்ததை அளக்க வேண்டுமெனில் இழப்பதற்கு முன் இருந்ததன் அளவு தெரிய வேண்டும்.

மீள்நடுகையின் கதை இன்னும் நீண்டது. வயதேறிய தேயிலையைப் பிடுங்கிப் புதியது நட, ஆண்டுக்கு 2 விழுக்காட்டு நிலம் என்பது தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. பிடுங்கியவுடன் நடலாகாது. மானாப்புல்லோ கௌதமாலாப் புல்லோ வளர்த்து, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு மண்ணை ஆற்ற வேண்டும். அதன் பிறகே கன்று. முறையான கொழுந்து வர மேலும் மூன்று ஆண்டு. இவ்வளவு காலம் வருமானம் இன்றி எந்தச் சிறுதோட்டக்காரரும் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பதால்தான் 1958 இலேயே தேயிலை மானியத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபைக்கு 1975 இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நாட்டின் தேயிலையில் நான்கில் மூன்று பங்களவு சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது என்றால், அதற்கு இந்த மானியமும் ஒரு காரணம். மானியத்தை வெறும் ஊழல் வாய்க்காலாகக் காண்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

பொதுப்பணத்தில் நட்ட கன்றுகளுள் பத்தாண்டு கழித்து உயிரோடு நிற்பவை எத்தனை? இது அரிய கேள்வி அன்று. ஒரு பாடசாலை ஆசிரியரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் ஒரு விடுமுறை நாளில் மலையேறி எண்ணிவிடலாம். ஆனால் எந்தக் காணிக்குப் போவது? இங்கேதான் புள்ளியியல் குறுக்கே வந்து நிற்கிறது. எழுமாற்று மாதிரி எடுக்க முழுப் பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாதார் அதிகாரி காட்டும் காணியைப் பார்ப்பார். அதிகாரி காட்டுவது செழித்த காணியையே.

பட்டியல் கையில் இருந்தால் எவ்வளவு சிறு உழைப்புப் போதும் என்பதைக் கணக்காகவே காட்டலாம். ஒரு மாவட்டத்தில் மானியம் பெற்றோருள் பத்தில் ஒருவர் போலி என்று வைத்துக்கொள்வோம். பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒருவரை எடுத்துப் பார்த்தால் அவர் மெய்யானவராக இருக்கும் வாய்ப்பு 0.9. இருவரும் மெய்யானவராக இருக்கும் வாய்ப்பு 0.81. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், 29 பேரைப் பார்க்கும்போது ஒரு போலியும் அகப்படாமல் தப்பும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பெற்றவர் ஆயிரமோ பத்தாயிரமோ, 29 பேர் போதும். பெருங் கணக்காய்வுக் குழு வேண்டா. பட்டியலும் நடக்கத்தக்க கால்களும் வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் எவரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்று நான்காம் பிரிவில் எழுதி வைத்தது. ஆண்டுக்கு 6,000 ரூபா தரும் பிரதமர் கிசான் திட்டத்தில் ஊர்வாரியான பெயர்ப்பட்டியலை யாரும் பார்க்க முடிந்தது. அப்படியிருந்தும் 2020 இல் தமிழ்நாட்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றோர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபா போய்விட்டதாக அரசே அறிவித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எனப் பல மாவட்டங்களில் விசாரணை நடந்தது. பட்டியல் இருந்தும் களவு நடந்ததே என்பார் உளர். பட்டியல் களவைத் தடுப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். களவின் அளவை எண்ணிச் சொல்லவும் பணத்தைத் திரும்பப் பெறவும் பெயரும் கணக்கும் இருந்தமையே உதவிற்று.

ஐரோப்பா வேறொரு முட்டில் மோதியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானியம் பெறுவோர் அனைவரையும் பெயரோடு வெளியிடும் விதிக்கு எதிராக, செருமனியின் ஹெசன் மாநிலத்து விவசாயிகள் வழக்காடினார்கள். 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியாட்களின் பெயரைத் தொகையின் சிறுமை பெருமை பாராது ஒரே சீராக அம்பலப்படுத்துவது அளவு மீறியது. நிறுவனங்களுக்கு அப்பாதுகாப்பு அவ்வளவு இல்லை. பின்னர் 2013 இல் விதி திருத்தப்பட்டது. சிறு தொகை பெறுவோரின் பெயர் மறைக்கப்பட்டு, ஏனையோர் மீண்டும் பட்டியலில் ஏறினர். அமெரிக்காவிலோ 2001 முதல் ஒரு தன்னார்வ அமைப்பு அந்த வேலையைச் செய்தது. ஏர் பிடித்தறியாத நகரத்துச் செல்வர் பலரின் பெயர் அதில் வெளிவந்தது.

தனிமையுரிமை வாதத்தை நான் எள்ளுவதில்லை. இரண்டு பேர்ச்சஸ் பாத்தி வைத்திருப்பவரின் வங்கிக் கணக்கையும் அடையாள அட்டை எண்ணையும் வலையில் ஏற்றுவது கொடுமை. பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, காணியின் பரப்பு, தொகை, நாள் என்ற ஐந்தும் போதும். 1992 இல் பெருந்தோட்டங்களை ஏற்ற பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் இருபத்திரண்டுக்கும் தனிமை என்று ஒன்று இல்லை. அவற்றுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாவும் வெளியே நிற்கலாம்.

நம் நாட்டு வழக்கமோ தலைகீழ். 2023 இல் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் தொடங்கிய போது தகுதி பெற்ற ஏழைகளின் பெயர்கள் அலுவலகச் சுவர்களில் ஒட்டப்பட்டன. யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம் என்றும் சொல்லப்பட்டது. கைம்பெண் ஒருத்தியின் வறுமையை ஊர் முழுவதும் படிக்கும். ஏக்கர் கணக்கில் மானியம் வாங்கியவரின் செழுமையைப் படிக்கச் சுவர் இல்லை.

மலைநாட்டுக்கு இப்பட்டியல் வேண்டியதன் முதற்காரணம் இன்னொன்று. ஐரோப்பியர் பட்டியலைத் திறந்து, யார் மிகுதியாகப் பெற்றார் என்று தேடுவார்கள். நாம் திறந்தால் யார் இல்லை என்று தேடுவோம். லயத்துக்குப் பின்னால் லீக்சும் கரட்டும் போஞ்சியும் விளைவிக்கும் தொழிலாளியும் விவசாயிதான். ஆனால் அந்தப் பாத்தி தோட்டத்தின் நிலம். உறுதி இல்லை, குத்தகைத் துண்டு இல்லை. கமநல நிலையத்தில் முதலில் கேட்கப்படும் சொல்லே காணி. காணி இல்லாதாருக்குப் பதிவு இல்லை, பதிவு இல்லாதாருக்கு மானியம் இல்லை. கடைவீதியில் கிலோக் கணக்கில் உரத்தை முழுவிலைக்கு வாங்கிச் சுருட்டிக்கொண்டு மலையேறுகிறார். அவர் வாங்கும் உரத்துக்கும் அதே வேதியியல்தான். அவர் விளைவித்த கரட் அதே கொழும்புச் சந்தைக்குத்தான் போகிறது. எத்தனை ஆயிரம் குடும்பங்கள் இப்படி என்பதை, உள்ளவர் பட்டியலை வைத்துத்தான் கழித்தறிய முடியும்.

2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தோடு 200 ரூபாவை வருகைக் கொடுப்பனவாக அரசே சேர்க்க முன்மொழிந்தது. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். மடுவத்தில் விழும் பேர் இனிப் பொதுப்பணத்தின் பதிவும் ஆகிறது. கொழுந்து பறிப்பவளின் கணக்கு நாள்தோறும் ஊரறியச் சரிபார்க்கப்படும் மானியக் கணக்கு. ஏனைய மானியங்களுக்கும் அதே வெளிச்சம் கேட்பதில் மிகை ஒன்றும் இல்லை.

கேட்பதற்கு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் அதனைத் திரும்பப் பெற்ற மக்களுக்கு அச்சொல்லின் எடை தெரியும். பாட்டன் கேட்க முடியாததைப் பேத்தி கேட்கலாம். தனியாள் தகவல் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அம்மறுப்பு நில்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

உங்கள் கமநல நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். கடந்த போகத்தில் உங்கள் பிரிவில் மானியம் பெற்றவர் யார், எவ்வளவு, எந்நாளில் என்று தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாற் போதும். அதனை எழுத்தில் வடிப்பது அந்த அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.